ஐஜிஏ சிறுநீரக நோய்: ஸ்டீராய்டு தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் தம்பிக்கு வயது 32, எடை 60 கிலோ. ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் வேலை. வேலூரில் பயாப்ஸி செய்து, ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரக வடிகட்டிகளில் படியும் நோய்) என்றார்கள். 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 1.8 கிராம், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருள் 1.5. ரத்த அழுத்தத்தையும் புரத இழப்பையும் குறைக்க மூன்று வாரமாக டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறான். அடுத்தது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். அதற்காக நடந்த ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். கொடுக்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: உறவினர் சொன்னது நடந்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை.

'டெஸ்டிங்' என்ற அந்த ஆய்வு 2012இல் தொடங்கியது. சீனா, ஆஸ்திரேலியா, கனடா, மலேசியா ஆகியவற்றுடன் இந்தியாவும் அதில் உண்டு. முதலில் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தினமும் ஒரு கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். மாத்திரை எடுத்த 136 பேரில் 11 பேருக்குக் கடுமையான நோய்த்தொற்று வந்தது, இருவர் இறந்தனர். வெற்று மாத்திரை எடுத்த 126 பேரில் ஒருவருக்கும் அப்படி வரவில்லை. 2015இல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள்.

ஆய்வு அதோடு முடிந்துவிடவில்லை. அளவை 0.4 மில்லிகிராமாகக் குறைத்து, நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் சேர்த்து மீண்டும் தொடங்கினார்கள். 2022இல் முழு முடிவு வெளியானது. சிறுநீரகத் திறன் 40 சதவீதம் குறைதல், சிறுநீரகம் செயலிழத்தல், அதனால் இறத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், ஸ்டீராய்டு எடுத்த 257 பேரில் 74 பேர். எடுக்காத 246 பேரில் 106 பேர். குறைந்த அளவிலும் பலன் தெரிந்தது. கடுமையான பக்கவிளைவோ முதல் அளவில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே, ஸ்டீராய்டு வேண்டுமா என்று கேட்பதோடு, எந்த அளவில், எந்தப் பாதுகாப்போடு என்றும் கேளுங்கள்.

அளவில் ஒரு குழப்பம் வரும். 60 கிலோ எடைக்கு அந்தக் குறைந்த அளவு மெத்தில்பிரெட்னிசலோன் 24 மில்லிகிராம். சீட்டில் பிரெட்னிசலோன் என்று எழுதியிருந்தால் அதற்குச் சமம் 30 மில்லிகிராம். பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 'மூன்று வாரம்'. ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் டெல்மிசார்ட்டான் வகை மருந்தைத் தாங்கக்கூடிய முழு அளவில் குறைந்தது மூன்று மாதம் எடுத்த பிறகும் நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல் புரதம் இழந்தவர்கள். உங்கள் தம்பி இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. அளவைக் கூட்ட இடமிருக்கிறதா, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் உதவுகிற டாபாகிளிஃப்ளோசினைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைத்தாலே இந்த மருந்துகள் நன்றாக வேலை செய்யும். கிரியேட்டினின் வாரத்துக்கு வாரம் ஏறினாலோ, பயாப்ஸியில் பிறைவடிவச் சிதைவுகள் (சிறுநீரகம் வேகமாகக் கெடுவதன் அறிகுறி) நிறைய இருந்தாலோ கதை வேறு. அப்போது காத்திருக்கக் கூடாது.

ஸ்டீராய்டுதான் என்று முடிவானால், முதல் மாத்திரைக்கு முன்பே காசநோயைத் தேடிவிட வேண்டும். நம் ஊரில் இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை ஸ்டீராய்டு எழுப்பிவிடும். மார்பு எக்ஸ்ரே, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விவரம், தேவையானால் தோல் அல்லது ரத்தப் பரிசோதனை ஆகியவை வேண்டும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் வயலில் நடக்கும் வழக்கமிருந்தால் அதையும் சொல்லுங்கள். மண்ணிலிருந்து தோல் வழியே ஏறும் ஒருவகைப் புழு ஸ்டீராய்டின்போது உயிருக்கே ஆபத்தாகலாம். நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. கோட்ரைமாக்சசோல் எழுதினால், டெல்மிசார்ட்டானோடு சேர்ந்து அது பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். ஓரிரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

சிகிச்சை ஆறு முதல் ஒன்பது மாதம் வரை, படிப்படியாகக் குறைத்தபடி நடக்கும். முகம் உப்பினாலும் அவராக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கிவிழலாம். இலேசான காய்ச்சல் என்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனெனில் ஸ்டீராய்டு காய்ச்சலின் கடுமையை மறைத்துவிடும். உடல்வலிக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கவே வேண்டாம். கோடையில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஸ்டீராய்டைத் தொடர்ந்தபடி, டெல்மிசார்ட்டானைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.