குளிரூட்டித் தொட்டிப் பால் மட்டும் ஏன் சோதனையில் தோற்கிறது?

கேள்வி: கோபி பக்கம் 18 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். எந்திரத்தில் கறந்து 500 லிட்டர் குளிரூட்டித் தொட்டியில் சேர்க்கிறோம். கறந்த வாளியிலிருந்து எடுத்துச் சோதித்தால் எம்.பி.ஆர்.டி. (பாலில் நீலச் சாயம் கலந்து, அது எவ்வளவு நேரத்தில் வெளுக்கிறது என்று பார்க்கும் கிருமிச் சோதனை) நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. தொட்டிக் குழாயில் பிடித்த பால் ஒன்றரை மணி நேரத்திலேயே வெளுத்துவிடுகிறது, அதனால் விலையைக் குறைக்கிறார்கள். தொட்டியைத் தினமும் கழுவுகிறோம், மாடுகளுக்கு மடிநோயும் இல்லை. தொட்டியின் அடி வால்வு ஒழுகியதால் பிளம்பரை வைத்துப் பந்து வால்வு போட்டோம். அதற்கு அடுத்து ஒரு 'டீ' (மூன்று வாய் இணைப்பு) வைத்து, நான்கு அங்குல நிப்பிளில் (இருபக்கமும் மரை உள்ள குட்டைக் குழாய்) அரை அங்குலக் குழாய் ஒன்றைச் சாம்பிள் பிடிக்க மாட்டியிருக்கிறோம். தவறு எங்கே?

பதில்: கடைசி இரண்டு வரிகளில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். மாட்டையும் தீவனத்தையும் விட்டுவிட்டு அந்த வால்வுக்குப் போவோம். உங்கள் பால் கெடாமலேயே இருக்கலாம், சாம்பிள் மட்டும் கெட்டிருக்கலாம். ஆனால் விலை போடுவது சாம்பிளை வைத்துத்தானே.

பந்து வால்வு தண்ணீருக்கு அருமையானது. கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் போதும், ஒழுகாது. ஆனால் உள்ளே இருக்கும் பந்தின் நடுவே ஓட்டை உண்டு. வால்வை மூடும்போது அந்த ஓட்டைக்குள் இருக்கிற பால் அப்படியே சிறைப்பட்டுவிடும். பந்துக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கிலும் பால் இறங்கும். கழுவும்போது வால்வை முழுசாகத் திறந்துவைப்பீர்கள். சோப்புத் தண்ணீர் ஓட்டை வழியாக நேராக ஓடிவிடும், இடுக்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வால்வைக் கழற்றிப் பாருங்கள். பந்தின் முதுகில் மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஒரு படலம் இருந்தால், மோந்து பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அடுத்தது அந்த நிப்பிள். நான்கு அங்குலம் என்றால் சுமார் 100 மில்லிமீட்டர். அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். அதாவது விட்டத்தைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு நீளத்துக்கு ஒரு முட்டுச்சந்து. பால், மருந்து ஆலைகளில் இப்படிப்பட்ட கிளைகளை விட்டத்தின் இரண்டு மடங்குக்குள் அடக்கப் பார்ப்பார்கள். அதற்கு மேல் நீண்டால் கழுவும் நீர் ஓரத்தில் சுழன்றுவிட்டுத் திரும்பிவிடும், கடைசி வரை போகாது. கிளை மேல்நோக்கி நின்றால் உள்ளே காற்று தங்கி நீரைத் தடுக்கும். கீழ்நோக்கித் தொங்கினால் கசடு இறங்கும். வேறு வழியில்லை என்றால் பக்கவாட்டில் படுக்கையாக வைப்பதே மேல். மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பும் பாலுக்கு ஆகாது. மரைப் பள்ளத்தில் புகுந்த பாலை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள கழுத்துக் குழாயில் நிற்கும் பால், கலக்கியின் வீச்சுக்கு வெளியே இருக்கிறது. தொட்டிப் பால் 4 டிகிரிக்கு இறங்கினாலும் கழுத்தில் நிற்பது அவ்வளவு குளிராது. கொட்டகைச் சூட்டில் கிருமி பெருக அதுவே போதும். சாம்பிள் பாட்டிலில் முதலில் விழுவதும் அந்தப் பால்தான்.

சரி, சந்தேகத்தை ஒரே நாளில் தீர்த்துக்கொள்ளலாம். கலக்கியை ஐந்து, பத்து நிமிடம் ஓட்டுங்கள். கொதிநீரில் போட்டெடுத்த நீளக் கரண்டியால் தொட்டியின் மேலிருந்து ஒரு பாட்டில் எடுங்கள். சாம்பிள் குழாயில் முதலில் வரும் பாலை இரண்டாவது பாட்டிலில் பிடியுங்கள். பிறகு குழாய் வாயை 70 சதவீத ஆல்கஹாலால் உள்ளும் புறமும் துடைத்து, ஐந்து லிட்டர் போல ஒரு வாளியில் ஓடவிட்டு, மூன்றாவதைப் பிடியுங்கள். மூன்றையும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஒரே நேரத்தில் சோதியுங்கள். முதல் பாட்டில் நன்றாக நின்று இரண்டாவது சீக்கிரம் வெளுத்தால் குற்றவாளி வால்வுதான். மூன்றாவதும் சேர்ந்து வெளுத்தால் அழுக்கு நன்றாக ஊறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்றும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் மட்டும் கறவை எந்திரத்தின் ரப்பர் குழாய்களையும் குளிரும் வேகத்தையும் பாருங்கள். குளிரவைத்த பாலில் நீலச் சாயம் மெதுவாகத்தான் வெளுக்கும். அப்படியிருந்தும் ஒன்றரை மணியில் வெளுத்தது என்றால் கிருமிச் சுமை லேசானதல்ல.

என்ன மாற்றலாம்? அந்த டீயையும் நிப்பிளையும் எடுத்துவிடுங்கள். பந்து வால்வுக்குப் பதில், பால் ஆலைக்காரர்கள் போடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டர்ஃபிளை வால்வு ஒன்றைத் தொட்டிக் கழுத்தை ஒட்டினாற்போல, யூனியன் வைத்துக் கழற்றி மாட்டும்படி போடுங்கள். உள்ளே ஒரு தட்டும் ஒரு ரப்பர் வளையமும்தான். பால் தங்க இடம் குறைவு, கையாலேயே கழற்றலாம். ரப்பர் கெட்டிப்பட்டோ வெடித்தோ போயிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், அந்தக் கீறலே கிருமிக்கு வீடு. சாம்பிளுக்கென்றே தனி வால்வுகளும் உண்டு. ரப்பர் சவ்வு குழாய்ச் சுவரோடு ஒட்டி மூடும், பக்கத்துத் துளைகள் வழியாக நீராவியோ ஆல்கஹாலோ செலுத்திச் சுத்தம் செய்யலாம். நல்ல பொருள்தான், ஆனால் 500 லிட்டர் தொட்டிக்கு அந்தச் செலவு வீண் என்பேன். மேலிருந்து கரண்டியால் எடுப்பதே உங்களுக்குப் போதும்.

ரசமட்டத்தையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். தொட்டி வால்வுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கால் இறங்கி எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் கழுவிய நீர் மூலையில் தேங்கும். பால் ஓடும் குழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், நடுவில் தொய்வு கூடாது.

கழுவும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான், இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். பால் போனவுடன் முதலில் கொதிநீர் விடாதீர்கள், புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் அலசிவிட்டுப் பிறகு சூடான காரக் கரைசல், அப்புறம் வால்வைக் கழற்றிப் பிரஷ். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வாரம் ஒருமுறை அமிலக் கழுவல் வேண்டும். ஆனால் அமிலத்தையும் குளோரின் கலந்த எதையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். கழுவி முடித்ததும் வால்வைத் திறந்தே வைத்து நீரை வடியவிட்டு, வாயில் ஈ, பூச்சி போகாமல் மூடி போடுங்கள்.

கொள்முதல் ஆள் சாம்பிள் எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். கலக்கியை ஓட்டிய பிறகு மேலிருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குழாயில்தான் பிடிப்பேன் என்றால், வாயைத் துடைத்து ஒரு வாளி ஓடவிட்ட பிறகு பிடிக்கச் சொல்லுங்கள். அதே பாலில் இன்னொரு பாட்டிலை நீங்களும் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.