ஊர் ஓட்டு ஒருவருக்கு, தேர்வாளர் இன்னொருவருக்கு: இது செல்லுமா? – கேள்வி பதில்

“எங்கள் மாநிலத்தில் யார் ஜெயித்தாலும் சரி, நாடு முழுக்க யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே எங்கள் தேர்வாளர்கள்” என்று அமெரிக்காவில் சில மாநிலங்கள் சட்டம் போட்டு வைத்திருப்பதைப் போன முறை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்வி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருச்சி வாசகர்: சார், அடிப்படையே குழப்புகிறது. அங்கே மக்கள் ஓட்டுப் போடுவது அதிபருக்கா, தேர்வாளருக்கா?

சட்டப்படி தேர்வாளருக்கு, அதாவது மக்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் ஆட்களுக்கு. மொத்தம் 538 பேர்; 270 கிடைத்தால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா இடத்திலும் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் போய்விடுவார்கள். 2000இல் ஃப்ளோரிடாவில் புஷ் முந்தியது 537 ஓட்டில். நாடு முழுக்க அல் கோருக்கு 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல். பதவி ஏற்றது புஷ். 2016இல் ஹிலாரிக்கும் இதே கதி, 28 லட்சத்துக்கும் மேல் அதிகம் வாங்கியும்.

ஃப்ரீமான்ட் தம்பி: அண்ணா, சொந்த மாநிலத்து மக்கள் போட்ட ஓட்டையே ஓரமாக வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் இல்லையா?

சாசனத்தின் இரண்டாம் பிரிவை எடுத்துப் படி, தம்பி. ஒவ்வொரு மாநிலமும் “தன் சட்டமன்றம் வகுக்கும் முறைப்படி” தேர்வாளர்களை நியமிக்கும் என்கிறது. மக்கள் ஓட்டு என்ற பேச்சே அங்கே கிடையாது. தென் கரோலினாவில் 1860 வரை மக்கள் அதிபருக்கு ஓட்டே போட்டதில்லை. சட்டமன்றம் கூடித் தேர்வாளர்களைப் பொறுக்கியது. மிச்சிகன் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுத்தபோது எழுந்த வழக்கில், முறையை வகுப்பது சட்டமன்றத்தின் முழு உரிமை என்று 1892இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வாளர் சொன்ன சொல்லை மீறினால் மாநிலம் தண்டிக்கலாம் என்று 2020இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

அதே 2020 தீர்ப்பில் ஓர் அடிக்குறிப்பு உண்டு: இந்த அதிகாரத்துக்கும் சாசனத்தின் மற்ற பகுதிகள் வரம்பு போடலாம். எதிர்ப்பாளர்கள் தொங்குவது அந்தக் கிளையில்தான். எனக்கு அது மெல்லிய கிளையாகத்தான் படுகிறது. ஒரு மாநிலம் தனியாக இப்படிச் செய்தால் செல்லும் என்பதே என் கருத்து.

கோவை வழக்கறிஞர்: தனியாகச் செய்தால் சரி. கூட்டுச் சேர்ந்து செய்கிறார்களே? மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) சம்மதம் வேண்டுமே?

சார், முடிச்சு இருக்கும் இடத்தில் சரியாகக் கை வைத்துவிட்டீர்கள். மற்றவர்களுக்காக விவரம்: இந்த ஒப்பந்தத்தை 2007இல் மேரிலாந்து தொடங்கிவைத்தது. சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் கணக்கு 270 தொட்டால்தான் ஒப்பந்தம் உயிர் பெறும். 2024இல் மெய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், ஆக 209. இதை முன்னின்று நடத்தும் ஜான் கோஸா, சுரண்டல் லாட்டரிச் சீட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். எண்ணிக்கைக் கணக்கில் ஆள் கெட்டி.

சாசனம் காங்கிரஸ் சம்மதம் கேட்பது உண்மை. ஆனால் வர்ஜீனியாவும் டென்னஸியும் எல்லைக்கோட்டுக்கு அடித்துக்கொண்ட 1893 வழக்கில் நீதிமன்றம் அதைச் சுருக்கிவிட்டது: மத்திய அரசின் அதிகாரத்தைக் கடிக்கும் ஒப்பந்தத்துக்குத்தான் சம்மதம் தேவை. 1978இல் மாநிலங்களின் வரி ஆணைய வழக்கிலும் அதே அளவுகோல். ஆதரவாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார்கள். மறுதரப்பு கேட்பது இரண்டு. சேராத மாநிலங்களின் தேர்வாளர்கள் செல்லாக்காசாகிவிட மாட்டார்களா? யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும் என்ற ஏற்பாடு என்ன ஆவது? இரண்டாவது கேள்வியை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. சம்மதம் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

டொராண்டோ வாசகி: நாடு முழுக்க ஓட்டைக் கூட்டுவதில் என்ன கஷ்டம்? கால்குலேட்டர் போதாதா?

1960 அலபாமாவைப் பாருங்கள் அம்மா. அங்கே தேர்வாளர் இடம் 11. ஜனநாயகக் கட்சி நிறுத்திய 11 பேரில் 5 பேர் கென்னடி ஆட்கள்; 6 பேர் யாருக்கும் வாக்குக் கொடுக்காதவர்கள். வாக்காளர் ஒவ்வொரு தேர்வாளருக்கும் தனித்தனியாக ஓட்டுப் போட வேண்டும். 11 பேரும் ஜெயித்தார்கள். அந்த 6 பேர் போய் வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்டுக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள், அலபாமாவில் கென்னடிக்கு விழுந்தது எத்தனை? கட்சி ஓட்டை முழுசாக அவர் கணக்கில் எழுதினால் நாடு முழுக்க ஒரு லட்சத்துச் சொச்சம் வித்தியாசத்தில் முந்துகிறார். 5க்கு 6 என்று பங்கு பிரித்தால் எதிர்த்து நின்ற நிக்ஸன் முந்துகிறார்.

ஒப்பந்தம் இதற்குச் சொல்லும் வழி, ஒவ்வொரு மாநிலமும் தரும் அதிகாரபூர்வ எண்ணை மற்றவர்கள் அப்படியே ஏற்க வேண்டும் என்பது. நாடு தழுவிய மறு எண்ணிக்கைக்கு அதில் வழி இல்லை. நெருக்கமான தேர்தல் வந்தால் இங்கேதான் இடிக்கும்.

டாலஸ் நண்பர்: பாதியில் ஒரு மாநிலம் பல்டி அடித்தால்?

தேர்தல் வருடத்தில் ஜூலை 20க்குப் பிறகு விலகினால் அது அடுத்த ஜனவரி 20 வரை செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தேர்தல் நாளுக்குப் பிறகு விதியை மாற்ற முடியாதபடி 2022இல் காங்கிரஸும் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆக, நழுவச் சந்து இருப்பது ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவில். ஒரு சட்டமன்றம் செப்டம்பரில் “போங்கடா” என்றால் அதைக் கட்டிப்போட ஒப்பந்தத்தின் வாசகத்தைத் தவிர வேறு கயிறு இல்லை. 2024ஐ நினைத்துப் பாருங்கள்: கலிஃபோர்னியாவில் கமலா ஹாரிஸ் சுமார் 20 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், நாட்டு மொத்தத்தில் டிரம்ப் முந்தினார். ஒப்பந்தம் அமலில் இருந்திருந்தால் கலிஃபோர்னியாவின் 54 தேர்வாளர்களும் டிரம்புக்குப் போயிருப்பார்கள். சாக்ரமென்டோவில் இருக்கும் அந்த மாநிலச் சட்டமன்றம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்குமா?

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கள் நாட்டில் 50 சதவீதம் தாண்ட வேண்டும். அங்கே?

தேவையில்லை, முதலிடம் போதும். நாலைந்து பேர் பலமாக நின்றால் 35 சதவீதக்காரரும் அதிபராகலாம். 2024இல் உங்கள் நாட்டில் அநுரகுமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 50 எட்டாததால் இரண்டாம் விருப்பத்தை எண்ணினார்களே, அந்த மாதிரி ஏற்பாடு இந்த ஒப்பந்தத்தில் இல்லை. எனக்கு இது பெரிய குறை.

சேலம் மாணவர்: சாசனத்தையே திருத்திவிட்டால்?

முயன்றார்கள். 1969இல் பிரதிநிதிகள் சபையில் 338–70 என்று தேறியது. மறு வருடம் மேலவையான செனட்டில் பேசிப் பேசியே முடக்கிவிட்டார்கள். தேறியிருந்தாலும் 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும்.

எடிசன் அக்கா: நியூ ஜெர்சியில் என் ஓட்டு இப்போது யார் கணக்கில் போகும்?

நியூ ஜெர்சி கணக்கில்தான் அக்கா. உங்கள் மாநிலம் 2008லேயே சேர்ந்துவிட்டது. 270 சேரும்வரை அந்தச் சட்டம் பீரோவில் தூங்கும். 14 தேர்வாளர்களும் உங்கள் மாநிலத்தில் ஜெயிப்பவருக்கே.