கையெழுத்திடும் கை

அன்புள்ள ஐயா,

எங்கள் பகுதி அரசியல் பிரமுகர் ஒருவரைப் பற்றிய காணொளி சென்ற மாதம் முழுவதும் கைப்பேசிகளில் சுற்றியது. அவரிடம் ஏதோ மனு கொடுக்கப் போன பெண்தான் அதில் இருப்பவர் என்கிறார்கள். அந்தப் பிரமுகர் மீண்டும் மேடையேறிவிட்டார். அந்தப் பெண் ஊரைவிட்டே போய்விட்டார். அடுத்தவர் அந்தரங்கம் நமக்கெதற்கு என்கிறார் என் அண்ணன். பதவியில் இருப்பவருக்கு அந்தரங்கம் ஏது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் பேச்சை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு, பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. மணவாழ்வில் நேர்ந்த துரோகத்தைக் கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வலை பின்னுகிற இடத்தில் கூடிப் பேசும் நமக்கு இல்லை.

ஆனால் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்தியை என்னால் கடக்க முடியவில்லை. அந்தப் பெண் மனு கொடுக்கப் போனவர். மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவரோ, மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுத்துப் பிழைத்து ஓர் அடையாள அட்டைக்காக அலைபவரோ, பாம்பனில் என் வீட்டு வாசலைக் கடந்து தினமும் போகும் பெண்கள் பலர் இப்படித்தான் யாரோ ஒருவருடைய பரிந்துரைக்கோ கையெழுத்துக்கோ காத்திருக்கிறார்கள். மறுத்தால் காரியம் நின்றுவிடும் என்று அஞ்சுகிற ஒருத்தியின் இணக்கத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே நடந்தது அதுவென்றால், கதவு சாத்தியிருந்தாலும் அது பதவியைக் கொண்டு செய்த காரியம்; ஊருக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த எல்லைக்கோட்டை நம் மாநிலத்து வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் வரைந்திருக்கிறது. கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முனைந்த வழக்கில், 1994இல் வந்த தீர்ப்பு, தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காத்த அதே மூச்சில், அரசுப் பொறுப்பில் இருப்பவர் தம் கடமை சார்ந்த நடத்தைக்கு அந்தரங்கத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றும் கூறியது.

விளைவுகள் யார் தலையில் விழுகின்றன என்பதுதான் என்னை உறுத்துகிறது. பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபூமோ, கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணுடன் தமக்குத் தகாத உறவு இல்லை என்று 1963 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஜூனில் அது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். பிறகு கிழக்கு லண்டனின் ஏழைகளுக்காகப் பல்லாண்டு உழைத்து, 1975இல் அரசின் விருதும் பெற்றார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உறவு நேர்ந்தபோது 19 வயதாயிருந்த கீலர், 2017இல் இறக்கும்வரை அந்த விவகாரத்தின் பெயராகவே அறியப்பட்டார். அவருக்கு அப்படி ஒரு மறுவாழ்வை யாரும் கொடுக்கவில்லை.

நம் கரையிலும் அதுவே நடக்கிறது. அந்தக் காணொளி உங்கள் கைப்பேசியில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். அதைப் பிறருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம், அந்தப் பெண்ணுக்கு நாமே இழைக்கும் இரண்டாவது கொடுமை. அந்தப் பிரமுகர் அடுத்த முறை உங்கள் ஊர் மேடைக்கு வரும்போது, படுக்கையறையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயரும் அங்கே எழ வேண்டாம். தம்மிடம் வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் எவை எத்தனை நாள் எதற்காகக் கிடப்பில் இருந்தன என்று மட்டும் கேளுங்கள். உங்கள் அண்ணனும் அந்தக் கேள்வியில் உங்களோடு நிற்பார் என்றே நினைக்கிறேன்.