பன்றி முடி பிரஷ்: ஒரு மாதம் பொறுங்கள்

சென்ற இதழில் என் ஷேவிங் பிரஷ்ஷைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1997-இலிருந்து பன்றி முடி பிரஷ்தான் பயன்படுத்துகிறேன், இப்போது கையில் இருப்பது மூன்றாவது என்று. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் முடிதிருத்தும் தொழில் செய்தவன் அல்லன். சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் இருக்கிறேன். என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஓமேகா என்ற கம்பெனியின் பன்றி முடி பிரஷ் ஒன்று வாங்கினேன். ஆறு நாள் ஆகிறது. ஊசி மாதிரி குத்துகிறது. நனைத்தால் ஆட்டுக் கொட்டில் வாடை. போட்ட நுரை பாதி ஷேவிலேயே காணாமல் போகிறது. திருப்பி அனுப்பிவிடட்டுமா? (வாசகர், ராஜபாளையம்)

பதில்: அனுப்பாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் புதுப் பன்றி முடி பிரஷ்ஷில் இருப்பதுதான். மூன்றும் போய்விடும்.

என் முதல் பிரஷ்ஷின் கதையைச் சொல்கிறேன். 1997-இல் எங்கள் கப்பல் ஜெனோவாவில் நான்கு நாள் நின்றது. துறைமுகத்திலிருந்து மேலே ஏறிப் போகும் குறுகிய சந்து ஒன்றில் ஒரு முடிதிருத்தகம், பெரியவர் ஒருவர் மட்டும். கண்ணாடித் தம்ளரில், வெந்நீரில் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. எடுத்து ஒரே உதறு உதறினார். ப்ரோராசோ என்று அங்கே ஒரு க்ரீம், யூகலிப்டஸும் மெந்தாலும் கலந்தது. அதை நுனியில் தொட்டுக்கொண்டு, கிண்ணம் எதுவும் இல்லாமல் நேராக என் கன்னத்தில் வைத்துச் சுழற்றினார். முதலில் வட்டம் வட்டமாக, அப்புறம் சுவருக்கு வெள்ளையடிப்பது போல மேலும் கீழும். தோலில் பட்ட நுனி பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு விறைப்பு, இரண்டு நாள் தாடியை அடியோடு தூக்கி நிறுத்துகிற விறைப்பு. இது என்ன முடி என்று சைகையில் கேட்டேன். “சேத்தோலா” என்றார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் “மயாலே” என்றார். பன்றி.

கிளம்பும்போது அவர் அலமாரியில் இருந்த புதிய பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அதுவும் ஓமேகாதான், போர்லி என்ற இத்தாலிய ஊரில் செய்வது. மறுநாள் காலை கப்பலில் நனைத்துப் போட்டால் தென்னந்துடைப்பத்தை முகத்தில் வைத்த மாதிரி இருந்தது. அவர் கையில் இருந்ததும் இதுவும் ஒரே சரக்குதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. சூயஸ் கால்வாயைத் தாண்டும் வரை அப்படித்தான். சிங்கப்பூரை நெருங்கும் சமயம், ஒரு காலையில் ஷேவ் முடித்து முகம் கழுவிய பிறகுதான் உறைத்தது: இன்றைக்குக் குத்தவே இல்லை. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று வாரம், தினமும் ஒரு ஷேவ்.

என்ன நடந்தது என்று பார்க்க ஆசை வந்தது. என்ஜின் அறையில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியைச் சோதிக்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்போம். உதிர்ந்த முடி ஒன்றை முதல் வாரத்திலேயே புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அதையும் இப்போதைய முடி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய முடியின் நுனி ஒரே கூர். இப்போதைய முடியின் நுனி இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து, விரிந்து நின்றது. வேப்பங்குச்சியைக் கடித்துக் கடித்து நார் நாராக்கிப் பல் தேய்ப்போமே, அதே வேலைதான். நனைந்து, உரசி, காய்ந்து, மறுபடி நனைந்து நுனி பிளக்கிறது. அடிப்பகுதி அப்படியே தடியாக இருப்பதால் விறைப்பு போவதில்லை. நுனியில் மென்மை, நடுவில் விறைப்பு: இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பதற்காகத்தான் நான் வேறு பிரஷ் பக்கம் போகவில்லை.

சரி, உங்கள் பிரஷ்ஷுக்கு வருவோம். இன்றிரவு அதை ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசுங்கள். பிறகு ஷேவிங் சோப்பில் நன்றாக நுரை எடுத்து, கழுவாமல் அப்படியே இரவு முழுவதும் நிறுத்தி வையுங்கள். காலையில் அலசி, நாள் முழுக்கக் காயவிடுங்கள். இதை மூன்று, நான்கு நாள் செய்தால் வாடை போய்விடும், நுனியும் சீக்கிரம் பிளக்கும்.

நுரை காணாமல் போவதற்குக் காரணம் தாகம். பன்றி முடி தண்ணீர் குடிக்கும். நனைக்காமல் அவசரத்தில் தொட்டால் நுரையிலிருக்கிற தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். குளிக்கப் போகும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம் போதும். முடி மூழ்கினால் சரி, கைப்பிடி மூழ்க வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம், அடியில் முடியைப் பிடித்திருக்கும் பசை இளகும். வெளியே எடுத்து உதறிவிட்டு, சோப்பின் மேல் குறைந்தது அரை நிமிடம் சுழற்றுங்கள். பத்து எண்ணி நிறுத்திவிடுகிறவர்கள்தான் நுரை நிற்கவில்லை என்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் போர் தண்ணீரில் எந்தப் பிரஷ் போட்டாலும் நுரை வருவதில்லை. தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடுகிறது. (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: இந்தத் துன்பத்தை நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பட்டிருக்கிறேன். கப்பலில் நாங்கள் புழங்கியது கடல்நீரை ஆவியாக்கிக் குளிரவைத்து எடுத்த தண்ணீர். அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது. கொட்டைப்பாக்கு அளவு க்ரீமுக்குக் கிண்ணம் நிறைய நுரை வரும். அதே பிரஷ், அதே க்ரீம், தூத்துக்குடி வீட்டுக் குழாயில் பிடித்தால் ஒன்றும் வராது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படிந்துவிடுகின்றன. நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஒரு ஷேவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். அந்த ஒரு தம்ளரை மட்டும் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரிலிருந்தோ, மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதிலிருந்தோ எடுங்கள். பிரஷ்ஷை நனைப்பதும் நுரை எடுப்பதும் அதில்தான். முகம் கழுவ எந்தத் தண்ணீரானாலும் சரி. இவ்வளவு நாள் போர் தண்ணீரில் புழங்கிய பிரஷ்ஷாக இருந்தால் முடியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு, சில நிமிடம் முக்கி, நன்றாக அலசினால் விட்டுவிடும்.

கேள்வி: நான் ஒரு முஸ்லிம். இப்போது வைத்திருக்கும் பிரஷ் என்ன முடி என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: பெட்டியைப் பாருங்கள். ‘பிரிஸ்டில்’, ‘பியூர் பிரிஸ்டில்’ என்று மட்டும் போட்டிருந்தால் பன்றி முடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் விலை உயர்ந்த முடி போலத் தெரிவதற்காக நடுவில் கறுப்புப் பட்டை வருகிற மாதிரி சாயம் ஏற்றிய பன்றி முடி பிரஷ்ஷும் கடையில் உண்டு. பெட்டி இல்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் மாற்றிவிடுவதே மனதுக்கு நிம்மதி.

செயற்கை இழை பிரஷ் வாங்குங்கள். இப்போது வருபவை மிக மென்மையாக இருக்கின்றன, பழக்க வேண்டியதில்லை, சீக்கிரம் காய்கின்றன. கொஞ்சம் விறைப்பும் வேண்டும் என்றால் குதிரை முடி இருக்கிறது. பிடரியிலிருந்தும் வாலிலிருந்தும் எடுப்பது. என்னோடு வேலை பார்த்த செகண்ட் என்ஜினியர் ஒருவர் கீழக்கரைக்காரர், குதிரை முடி பிரஷ்தான் வைத்திருந்தார். இருவருக்கும் பொதுக் குளியலறை. என் பிரஷ்ஷை நனைக்கும் தம்ளரை என் அறையிலேயே வைத்துக்கொள்வேன், வெளியே கொண்டு போக மாட்டேன். நுரையில் அவர் பிரஷ் என்னுடையதற்குச் சளைத்ததில்லை.

கேள்வி: பன்றி முடியைப் போய் முகத்தில் வைப்பதா என்று என் மனைவி கேட்கிறாள். (வாசகர், மதுரை)

பதில்: வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்: 1938-இல் அமெரிக்காவில் நைலான் டூத் பிரஷ் விற்பனைக்கு வரும் வரை, பல் தேய்க்கும் பிரஷ்ஷே பெரும்பாலும் பன்றி முடியில் செய்ததுதான். பெயின்ட் பிரஷ், ஷூவுக்குப் பாலிஷ் போடும் பிரஷ், சில தலைவாரும் பிரஷ் எல்லாம் இன்றும் இந்த முடியில் வருகின்றன. நம் நாட்டில் கான்பூர் இந்த வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். முடியைக் கொதிக்க வைத்துக் கழுவி, நீளவாரியாகப் பிரித்து, நுனி ஒரு பக்கம் வேர் ஒரு பக்கம் வருமாறு அடுக்குகிறார்கள். பொறுமையான கைவேலை. அதற்கு மேலும் அருவருப்பு தீரவில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள், பிரஷ்ஷைத் தனி இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேட்ஜர் முடி பிரஷ்தான் உசத்தி என்கிறார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விலையில் உசத்தி, சந்தேகமில்லை. தண்ணீரை அதிகம் பிடித்து வைக்கும், முதல் நாளிலிருந்தே மென்மை. ஆனால் கட்டிச் சோப்பிலிருந்து நுரை தோண்டி எடுக்கும் பலம் பன்றி முடிக்குத்தான் அதிகம். கோத்ரெஜ் வட்டச் சோப்பு மாதிரி கட்டியானவற்றில் பேட்ஜர் வழுக்கிக்கொண்டு போகும், பன்றி முடி நாலு சுற்றில் அள்ளிக்கொண்டு வந்துவிடும். தடித்த தாடி உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஷேவிங் பிரஷ்ஷால் ஆந்த்ராக்ஸ் வந்ததாகப் படித்தேன். உண்மையா? (வாசகர், சேலம்)

பதில்: உண்மை, ஆனால் நூறு வருடத்துக்கு முந்தியது. ஆந்த்ராக்ஸ் என்பது கால்நடைகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் கொடிய நோய். முதல் உலகப் போரின்போது பேட்ஜர் முடி வரத்து நின்றுபோய், குதிரை முடியை அதுபோலச் சாயமேற்றி விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத சரக்கால் பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் பொதுமக்களுக்கும் நோய் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். நோய் தந்த பிரஷ்கள் ஜப்பானிலிருந்து வந்தவை என்று தெரிந்ததால், 1920-இல் பிரிட்டன் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியைத் தடை செய்தது. அதன் பிறகு முடியைக் கிருமி நீக்கிவிட்டுத்தான் பிரஷ் கட்ட வேண்டும் என்று பல இடங்களில் விதிகள் வந்தன. இன்று பெயர் தெரிந்த கம்பெனியின் புதுப் பிரஷ் வாங்குகிறவர் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துப் பழைய பிரஷ் எங்காவது கிடைத்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், முகத்துக்குக் கொண்டு போக வேண்டாம்.

கேள்வி: தினமும் நாலைந்து முடி உதிர்கிறது. அதோடு இங்கே மழைக்காலத்தில் பிரஷ் காயவே மாட்டேன் என்கிறது, பூசண வாடை வருகிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முதல் இரண்டு வாரம் உதிர்வது, கட்டும்போது சரியாக ஒட்டாத முடி. ஒரு மாதம் கழித்தும் நிற்கவில்லை, கொத்தாக வருகிறது என்றால் கட்டு சரியில்லை. மாற்றித் தரக் கேளுங்கள். முகத்தில் அழுத்தித் தேய்க்கிறீர்களா என்றும் பாருங்கள். நுனி மட்டும் வளைந்தால் போதும், அடி வரை நசுக்கக் கூடாது.

காய்வதுதான் உங்கள் ஊரில் பெரிய விஷயம். ஷேவ் முடிந்ததும் சோப்பு துளியும் இல்லாமல் அலசுங்கள். கையால் முறுக்காமல், மெல்லப் பிழிந்து, உதறி, பழைய துண்டில் நாலு தடவை முன்னும் பின்னும் இழுங்கள். பிறகு குளியலறையில் வைக்காதீர்கள். ஜன்னல் ஓரம், காற்று வருகிற இடம் நல்லது. டப்பாவில் மூடி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். என் முதல் பிரஷ் பதினொரு வருடம் உழைத்தது. இரண்டாவது நாலு வருடத்தில் போய்விட்டது, விடுமுறைக்கு வரும் அவசரத்தில் ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடியதால். திறந்தபோது முடியின் அடியில் கறுப்பு கறுப்பாகப் பூசணம். இப்போது மழைக்காலத்துக்கென்றே, மூன்றாவதோடு கூடுதலாக இன்னொன்றும் வைத்திருக்கிறேன். ஒன்று முகத்தில், மற்றது ஜன்னலில்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. கை கொஞ்சம் நடுங்கும், ஆனாலும் தன் ஷேவைத் தானே செய்ய வேண்டும் என்பார். அவருக்கு ஒரு பிரஷ் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எது நல்லது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நல்ல யோசனை அம்மா. கைப்பிடி தடியாக, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, விரல் பிடிக்க வாகாக இருப்பதை வாங்குங்கள். வழுக்கும் உலோகக் கைப்பிடி வேண்டாம். முடி ரொம்ப நீளமாக இருந்தால் நடுங்கும் கையில் இங்குமங்கும் தெறிக்கும், நடுத்தர உயரம் போதும். போர்ச்சுக்கல்லில் செய்யும் செமோக் என்ற பிரஷ்ஷில் இந்த மாதிரி வடிவங்கள் இருக்கின்றன, ஓமேகாவிலும் சின்னவை உண்டு.

வயதானவர் தோல் மெல்லியது, முதல் மாதக் குத்தலை அவர் படக் கூடாது. அதனால் வாங்கியதும் அவரிடம் கொடுக்காதீர்கள். மேலே ராஜபாளையத்துக்காரருக்குச் சொன்ன மாதிரி தினமும் இரவு உங்கள் உள்ளங்கையில் நுரை எடுத்துச் சுழற்றி, காலையில் அலசிக் காயவையுங்கள். மூன்று, நான்கு வாரம். நடுவில் ஒரு நாள் முழுக்கக் காய்வதற்கு விடுங்கள். உங்கள் உள்ளங்கையில் குத்துவது நின்றதும், நனைத்து அவர் கையில் கொடுங்கள்.