திரித்துவம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: பைபிளில் திரித்துவம் எங்கே இருக்கிறது ஐயா? ஒரு வசனம் காட்டுங்கள்.

ஒரே கடவுள் பிதா, குமாரன் (இயேசு), பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிறார் என்பதுதான் திரித்துவம். முழு விளக்கமாக ஒரே வசனத்தில் கிடைக்காது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது மத்தேயு 28:19. முதலில் ஞானஸ்நானமும் ஜெபமும் நடந்தன; விளக்கம் அப்புறம்தான் வந்தது.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் ஒரே தண்ணீர்தான் பனிக்கட்டியாகவும் நீராவியாகவும் இருக்கிறது, திரித்துவமும் அப்படித்தான் என்று சொல்லித்தருகிறோம். சரிதானா அண்ணா?

விட்டுவிடுங்கள் தம்பி. ஒரே கடவுள் மாறி மாறி மூன்று வேடம் போடுகிறார் என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். 3-ஆம் நூற்றாண்டில் ரோமில் சபெல்லியஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். சபை அவரை விலக்கியது. யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்ற காட்சியைச் சொல்லுங்கள். குமாரன் கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல் இறங்குகிறார், பிதாவின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில்!

கேள்வி: நிசேயா நகரில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டளை போட்டு உண்டாக்கியதுதானே இது?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை. 325-ல் அங்கே ஆயர்களின் சங்கத்தைக் கூட்டியவர் அவர்தான். ஆனால் தகராறு அதற்கு முன்பே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிளம்பிவிட்டது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார் ஆரியஸ் என்ற குருவானவர். அப்படியானால் சபை இத்தனை நாளும் தொழுதது ஒரு படைப்பையா? குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று ஆயர்கள் அறிக்கை செய்தார்கள். அரச கட்டளை என்றால் விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 337-ல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே ஆரியஸ் பக்கம் நின்ற ஆயர்! நிசேயா அறிக்கைக்காக வாதாடிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அரசியலே இல்லை என்று சொல்ல மாட்டேன். 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அந்த விசுவாசத்தை உறுதிசெய்தபோது பேரரசர் தியோடோசியஸ் அதற்குத் துணை நின்றார்.

கேள்வி: புரியவே புரியாது என்றால் எதற்கு யோசிக்க வேண்டும்?

பழைய சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் இதைப்பற்றி 15 புத்தகங்கள் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு ஜெபத்தோடு முடித்தார். எனக்குப் பிடித்த வாசல் 1 யோவான் 4:8: "தேவன் அன்பாகவே இருக்கிறார்." உலகம் உண்டாகுமுன் அவர் யாரை நேசித்தார்? தனியாளாக இருந்திருந்தால், அன்புகூர அவருக்கு நாம் தேவைப்பட்டிருப்போம். 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்தில் வாழ்ந்த ரிச்சர்ட் இன்னும் ஒரு படி போனார்: இருவர் அன்பும் மூன்றாமவரோடு பகிரப்படும்போதுதான் நிறைவாகும் என்றார். இதை நிரூபணம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் மூன்று எப்படி ஒன்றாகும் என்று கணக்குப் போடுவதைவிட இந்தக் கேள்வி என்னை வெகுதூரம் கொண்டுபோகிறது.

கேள்வி: ஜெபத்தில் யாரைக் கூப்பிடுவது பாஸ்டர்?

மூவரில் யாரையும் கூப்பிடலாம் அம்மா. குமாரன் வழியாக, ஆவியில், பிதாவிடம் ஜெபிப்பது பழைய வழக்கம். 4-ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் பசில், பிதாவுக்கு மகிமை "குமாரனோடும் ஆவியோடும்" என்றும் சொன்னார். இது ஆவியைப் பிதாவுக்குச் சமமாக்குகிறதே என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். இரண்டு விதமும் சரிதான் என்று ஒரு நூலே எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார்.