லொக்கேஷனை ஓஃப் பண்ணியும் எப்படித் தெரிந்தது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்ட தம்பிக்காக மட்டக்களப்பு காந்தி பூங்காவில் நடந்த போராட்டத்துக்குப் போய் வந்த அன்று பின்னேரம், புலனாய்வுப் பிரிவு என்று சொல்லி ஒருவர் கோல் எடுத்து, "இன்றைக்கு டவுனுக்கு ஏன் வந்தீங்கள்?" என்று கேட்டாராம். "லொக்கேஷன் ஓஃப் பண்ணித்தான் வைத்திருந்தேன். எப்படித் தெரிந்தது? சிம்மை மாற்றட்டுமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, சிம்மை மாற்றிப் பயனில்லை. புது சிம்மும் உங்கள் அடையாள அட்டையில்தான் பதிவாகும். போனுக்கென்று ஐஎம்ஈஐ எனும் 15 இலக்க எண் ஒன்றும் இருக்கிறது (இரண்டு சிம் போடும் போனில் இரண்டு). *#06# அழுத்தினால் திரையில் வரும். எந்த சிம்மைப் போட்டாலும் நெட்வேர்க்குக்கு அதே எண்தான் தெரியும். புது இலக்கத்திலிருந்தும் நீங்கள் அதே அம்மாவுக்கும் அக்காவுக்கும்தானே பேசப்போகிறீர்கள்? அதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம்.

லொக்கேஷனை ஓஃப் பண்ணும்போது நிற்பது, செயலிகளுக்குப் போகும் தகவல் மட்டுமே. உங்களுக்கு ஒரு கோல் வந்து சேர வேண்டுமென்றால், நீங்கள் எந்தப் பக்கத்து டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்பது தொலைபேசிக் கம்பனிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பேசினாலும், எஸ்எம்எஸ் அனுப்பினாலும், டேட்டா ஓடினாலும் நேரமும் டவரும் அங்கே பதிவாகும். அதிகாரிகள் கேட்டு வாங்குவது இந்தப் பதிவைத்தான். கம்பனியின் கணினியில் நடக்கும் வேலை இது. உங்கள் போனில் அடையாளமே இருக்காது. பற்றரி கெதியாய் இறங்குகிறது, கோலில் எதிரொலி கேட்கிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் டவர் காட்டுவது ஒரு பரப்பளவைத்தான், நீங்கள் நின்ற இடத்தை அல்ல. நகரத்தில் அது சில நூறு மீற்றர். ஊர்ப்புறங்களில் பல கிலோமீற்றர். நம் ஊரில் வாவி வேறு இருக்கிறது. தண்ணீருக்கு மேலால் சிக்னல் தடையில்லாமல் போகும். வவுணதீவுக் கரையில் நிற்பவரின் போன் டவுன் பக்கத்து டவரைப் பிடிக்கலாம். ஆள் வாவியின் மேற்கே படுவான்கரையில், பதிவோ கிழக்கே எழுவான்கரையில். "டவர் காட்டுகிறது, நீ அங்கேதான் நின்றாய்" என்று யாராவது அடித்துச் சொன்னால், இதை உங்கள் சட்டத்தரணிக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் டவர் வரைக்கும் போயிருக்கத் தேவையில்லை என்றே எனக்குப் படுகிறது. போராட்டப் படங்கள் அன்றே பேஸ்புக்கில் ஏறிவிடுகின்றன. நூறு பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாதுதான். ஆனால் குழுவுக்குள்ளே இருப்பவர் படிப்பாரே! ஒழுங்குபடுத்துபவர்களிடம் பேசி, முகம் தெரியும் படங்களை உரியவரிடம் கேட்காமல் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன இடம் பதிவாகக் கூடாதென்றால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நிச்சயமான வழி. பூங்கா வாசலில் வந்து ஓஃப் பண்ணினால், அந்த இடம்வரை வந்தது பதிவாகிவிட்டிருக்கும். ஆனால் இப்படியான கோல் வந்த பிறகு தனியே பயணம் போகிற பெண்ணுக்குப் போன் ஒரு பாதுகாப்பும்கூட. உங்கள் நிலையில் நான் போனைக் கொண்டே போவேன். போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டும் போவேன். போராட்டத்துக்குப் போனது குற்றமில்லையே, மறைக்க என்ன இருக்கிறது?

சட்டம் இன்னும் நமக்குப் போதவில்லை. இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை கிடையாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தேசிய பாதுகாப்புக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் பொலிஸ் ஒருவரின் 127 நாள் டவர் பதிவை எடுத்த வழக்கில், அதற்கு நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நமக்கும் அப்படியொரு தெளிவான விதி வேண்டும்.

அந்தக் கோல் வந்த இலக்கம், திகதி, நேரம், கேட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். கோல் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். மறுபடி எடுத்தால் பெயர், பதவி, எந்த அலுவலகம் என்று கேளுங்கள். விசாரிப்பதென்றால் எழுத்தில் அழையுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி வையுங்கள். அதோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு கொடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் 1996க்கு அழைக்கலாம்.