ஹர்லிங் மட்டை: உயரத்துக்கும் ஆடும் இடத்துக்கும் ஏற்ற நீளம் எது?

அயர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஹர்லிங் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டை வாங்குவதில் எழும் ஐயங்களை வாசகர்கள் எழுதியிருந்தனர். விடைகளுக்கு முன் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்: அணிக்கு 15 பேர், ஏறத்தாழ 140 மீட்டர் நீளமுள்ள புல்தரையில், ஹர்லி எனப்படும் மர மட்டையாலும் ஸ்லிட்டர் எனப்படும் தோல் பந்தாலும் ஆடுவது ஹர்லிங். பெண்கள் ஆடும் வடிவத்துக்குக் கமோகி என்று பெயர். மட்டையின் அடியில் அகன்றிருக்கும் பகுதியே பந்தை அடிக்கவும் ஏந்தவும் பயன்படுகிறது. அதனை இங்கே அலகு என்று குறிப்பிடுகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, உயரம் 132 செ.மீ. பயிற்சியாளர் 26 அங்குல மட்டை வாங்கச் சொன்னார். வளரும் பிள்ளை என்பதால் 28 அல்லது 30 அங்குலத்தில் வாங்கினால் இரண்டு ஆண்டுகளுக்காவது உதவுமே என்று என் மாமியார் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, லிமரிக்

பதில்: பயிற்சியாளர் சொன்ன அளவே சரி. பள்ளிச் சீருடையைப் பெரிதாக எடுத்து மடித்துத் தைத்துக்கொள்வதுபோல மட்டையை வாங்கக் கூடாது. மட்டையில் மடித்துத் தைக்க இடமில்லை. மிகுந்திருக்கும் ஒவ்வோர் அங்குலமும் முதல் நாளிலிருந்தே பிள்ளையின் கையில் சுமையாக நிற்கும்.

அளக்கும் முறை எளிது. விளையாட்டுக் காலணியை அணிவித்து நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கைகள் இயல்பாகத் தொங்கட்டும். மட்டையின் அலகு தரையில் படும்படி காலின் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். கைப்பிடியின் உச்சி மணிக்கட்டு எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் வந்து நின்றால் அதுவே பொருத்தமான நீளம். உங்கள் மகனின் உயரத்துக்கு அந்த இடம் 25 முதல் 27 அங்குலத்துக்குள் அமையும் என்பதால், 26 என்பது நடுவான தேர்வு. வயதைக் கொண்டு அளவு சொல்லும் அட்டவணைகள் கடைகளில் உண்டு. ஆறு வயதுக்கு 24, பத்து வயதுக்கு 28, பதினான்கு வயதுக்கு 32 என்பதை ஒட்டியே அவை அமைந்திருக்கும். ஆனால் ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கிடையே ஒரு சாண் உயர வேறுபாடு இருப்பதை நாம் அறிவோம். ஆகவே வயதை நம்பாமல் உடலை அளந்து வாங்குங்கள்.

நீளமான மட்டை ஏன் தீங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எடுத்துச் சொல்ல உதவும். இந்த ஆட்டத்தில் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுப்பது தவறு. முழங்காலை மடக்கி, தலையைப் பந்துக்கு நேர்மேலே கொண்டுவந்து, மட்டையை ஏறத்தாழத் தரைக்கு இணையாகத் தாழ்த்தி, அலகின் நுனியைப் பந்தின் அடியில் செலுத்தித் தூக்க வேண்டும். மட்டை நீண்டிருந்தால் அதன் கைப்பிடி வயிற்றிலோ இடுப்பிலோ இடிக்கும். பிள்ளை அதற்காக உடலைத் திருப்பிக்கொள்வான், அல்லது கையை உச்சியிலிருந்து கீழே இறக்கிப் பிடிப்பான். அந்தப் பிடி ஒருமுறை பழகிவிட்டால், பின்னாளில் சரியான மட்டை கிடைத்த பிறகும் அவனால் முழு வீச்சில் அடிக்க இயலாது. பயிற்சியின்போது மேல்கைக்கு மேலே நான்கு விரற்கடை கைப்பிடி துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டால், மட்டை நீளம் என்று ஐயமின்றி முடிவு செய்யலாம். மாறாக, முதுகு கூன வளைந்தும் பந்து எட்டவில்லை என்றால் மட்டை குட்டை என்று பொருள். இந்த இரண்டாவது குறையைக் காண்பது அரிது. முதலாவதைத்தான் ஒவ்வொரு மைதானத்திலும் காண்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு செய்தி உண்டு. கிரிக்கெட் பழகிய வலக்கைப் பிள்ளை மட்டையை எடுத்தவுடன் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பான். ஹர்லிங்கில் வலிய கைதான் உச்சியில் இருக்க வேண்டும், ஏனெனில் மற்றொரு கை பந்தைப் பிடிக்கும் நேரமெல்லாம் மேல்கை ஒன்றே மட்டையைத் தாங்குகிறது. ஆகவே கடையில் ஒரு சோதனை செய்யுங்கள்: வலக்கையால் மட்டும் உச்சியைப் பிடித்து, கையை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குள் அலகு தாழ்ந்துவிட்டால், நீளம் பொருந்தினாலும் எடை பொருந்தவில்லை என்று அறிந்து வேறொன்றை எடுங்கள்.

கேள்வி: என் மகள் பள்ளியில் கமோகி ஆடுகிறாள். வயது 16, உயரம் 168 செ.மீ. இதுவரை முன்வரிசையில் ஆடியவளை இப்போது கடைசித் தடுப்பு வரிசைக்கு மாற்றியிருக்கிறார்கள். கையில் இருப்பது 32 அங்குல மட்டை. தடுப்பாளருக்கு நீளமான மட்டை வேண்டும் என்று தோழிகள் சொல்கிறார்களாம். மாற்ற வேண்டுமா?
– வாசகர், கார்க்

பதில்: தோழிகள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எதிரணி ஆட்டக்காரர் அடிக்க ஓங்கும்போது, பின்னாலிருந்து மட்டையை நீட்டி அந்த வீச்சைத் தடுத்து நிறுத்துவது தடுப்பாளரின் முதன்மைக் கலைகளுள் ஒன்று; அதற்கு எட்டும் தொலைவு உதவும். வந்து விழும் உயரப் பந்தைத் தட்டிக் கலைப்பதற்கும் அப்படியே. முன்வரிசையில் நிலைமை வேறு. கோலுக்கு அருகில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நிற்கும் நெருக்கத்தில், மட்டையை முழுதாகச் சுழற்ற இடமும் இல்லை, நேரமும் இல்லை. அங்கே குட்டையான மட்டை விரைவில் சுழலும். ஓங்கும் வளைவு சிறிதாக இருப்பதால் எதிரியின் மட்டையில் சிக்குவதும் குறையும். நடுக்களத்தினர் இரு வேலைகளையும் செய்பவர்கள் என்பதால், உடலளவு சொல்லும் நீளத்தோடு நிற்பதே அவர்களுக்கு நல்லது.

இருப்பினும் நான் ஒன்றை வலியுறுத்துவேன்: உடல்தான் நீளத்தை முடிவு செய்கிறது, ஆடும் இடம் அதனை ஓர் அங்குலம் கூட்டலாம் அல்லது குறைக்கலாம், அதற்குமேல் அதற்கு உரிமை இல்லை. உங்கள் மகளின் உயரத்துக்கு 32 பொருத்தமானது. 33 அங்குல மட்டை ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி ஓரிரு வாரம் பயிற்சியில் ஆடிப் பார்க்கட்டும். ஓடிக்கொண்டே பந்தை எடுப்பதில் முன்பிருந்த வேகம் குறையவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். குறைந்தால் 32-லேயே இருக்கட்டும். 34-ஐத் தொட வேண்டாம். தடுப்பாளரும் பந்தை வென்ற பிறகு அதைத் தூக்கி அடித்தாக வேண்டியவர்தாம் என்பதை இந்த யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வயதுவந்த ஆண்கள் 36, 37 அங்குல மட்டைகளைப் பிடித்தார்கள். பந்தைத் தரையிலேயே ஓங்கி அடிப்பது அன்றைய ஆட்டத்தில் மிகுதி. குறுகிய அலகும் நீண்ட தண்டும் அதற்கு ஏற்றவை. இன்று பந்தைக் கையில் பிடித்து, இடம் பார்த்து அடிக்கும் ஆட்டம் மேலோங்கியிருப்பதால் அலகு அகன்றிருக்கிறது, தண்டு குறைந்திருக்கிறது. 33, 34 அங்குல மட்டைகள் வளர்ந்த ஆண்களின் கைகளில் சாதாரணமாகக் காணக்கூடியவை. மூத்தவர்கள் தம் காலத்து அளவைச் சொன்னால், அது அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு உரிய அளவு என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயதான என் மகனைக் கோல்காவலராக நிறுத்தியிருக்கிறார்கள். கோல்காவலர் மட்டை என்று தனியாக விற்கிறார்கள். அது நீளம் கூடியதா, அகலம் கூடியதா?
– வாசகி, டப்ளின்

பதில்: அகலம் கூடியது. களத்தில் ஆடும் மற்றவர்களின் மட்டையில் அலகு அதன் அகன்ற இடத்திலும் 13 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கோல்காவலருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு. நீளத்தை அவனுடைய மற்ற மட்டையின் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அலகு பெரிதாகும்போது முனையில் எடை கூடுகிறது. அதோடு நீளத்தையும் கூட்டினால், அருகிலிருந்து பாய்ந்து வரும் பந்துக்கு மட்டையைத் திருப்பிக்கொண்டுவர அந்த வயதுக் கைக்கு வலு போதாது.

கோல்காவலருக்கு வலிமையைக் காட்டிலும் மட்டையின் நுனி எங்கே இருக்கிறது என்ற உணர்வு முக்கியம் என்பதற்கு உங்கள் மகனுக்குக் காட்டத்தக்க ஒரு நிகழ்வு இருக்கிறது. 2018 அனைத்து அயர்லாந்து அரையிறுதியில், ஆட்டம் முடியும் தறுவாயில், கார்க் அணியின் ஷேமஸ் ஹார்னடி கோலுக்கு நேராக அடிக்க ஓங்கியபோது, லிமரிக் கோல்காவலர் நிக்கி குவைட் பாய்ந்து மட்டையை நீட்டி, அந்தக் கணத்தில் பந்தை மட்டும் தட்டி விலக்கினார். கூடுதல் நேரத்தில் வென்ற லிமரிக், இறுதியாட்டத்திலும் வென்று 1973-க்குப் பிறகு முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. தன் மட்டையின் நீளத்தைத் தன் கையின் நீளம்போல அறிந்தவரால் மட்டுமே அப்படி ஒரு தட்டு தட்ட முடியும். அடிக்கடி அளவை மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த அறிவு வாய்க்காது.

அத்துடன், இந்த வயதில் அவன் எப்போதும் கோல்காவலராகவே இருக்கப்போவதில்லை. சாதாரண மட்டை ஒன்றையும் வைத்திருந்து, பயிற்சியில் இரண்டையும் பழகச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கோவில்பட்டிக்காரன், கல்லூரிக் காலம் வரை ஹாக்கி ஆடினேன். இப்போது கால்வேயில் பணியாற்றுகிறேன். வயது 31, உயரம் 178 செ.மீ. இங்குள்ள சங்கத்தில் ஹர்லிங் பழக அழைக்கிறார்கள். 37 அங்குல ஹாக்கி மட்டை பிடித்த எனக்கு, அவர்கள் தரும் 34 அங்குல மட்டை பொம்மைபோலத் தோன்றுகிறது. 36 கேட்டால் தவறா?
– வாசகர், கால்வே

பதில்: ஹாக்கி ஊரிலிருந்து வந்த உங்களுக்குக் கண்ணும் காலும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன; மகிழ்ச்சியோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் 34-ஐயே வாங்குங்கள். உங்கள் உயரத்துக்கு மணிக்கட்டு அளவு 86 செ.மீ. அளவில், அதாவது 34 அங்குலத்தில்தான் வரும்.

ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையில் இருக்கிறது. மட்டை எப்போதும் பந்தை நோக்கிக் கீழே நீள்கிறது. இரு கைகளும் அதன்மேல் இருக்கின்றன. ஹர்லிங்கில் பந்து தலைக்கு மேலே வருகிறது, மார்புயரத்தில் வருகிறது, காலடியிலும் உருள்கிறது. ஒரு கையால் பந்தைப் பிடித்து, மறு கையால் மட்டையைக் காத்து, பந்தை அலகின்மேல் ஏந்திக்கொண்டே ஓடி, சட்டென்று இரு கைகளையும் சேர்த்து அடிக்க வேண்டும். நீண்ட மட்டையால் இவற்றில் எதையும் தூய்மையாகச் செய்ய இயலாது. உங்களுடைய பழைய பழக்கங்களில் இரண்டைக் களைய வேண்டியிருக்கும். ஹாக்கியில் இடக்கை மேலே இருக்கும். இங்கே வலக்கையர் வலக்கையை மேலே வைக்க வேண்டும். ஹாக்கி மட்டையின் தட்டைப் பக்கத்தால் மட்டுமே ஆடுவீர்கள். ஹர்லிக்கு இரு பக்கங்களும் ஆடும் பக்கங்களே. ஆகையால் வலப்புறம், இடப்புறம் இரண்டிலும் அடித்துப் பழகுங்கள். தலைக்கவசம் கட்டாயம், 2010 முதல் எல்லா வயதினருக்கும் அதுவே விதி.

ஒருவேளை யாரேனும் பழைய 36 அங்குல மட்டையைக் கொடுத்து, உச்சியில் இரண்டு அங்குலம் அறுத்துக்கொள்ளுங்கள் என்றால், தொடக்கநிலையில் அதை ஏற்க வேண்டாம். கைப்பிடியில் மரம் குறைந்தால் மட்டையின் எடை அலகுப் பக்கம் சாய்ந்துவிடும். 34 என்று அளவுகோல் சொன்னாலும் கைக்கு அது கனமான மட்டையாகவே இருக்கும்.

கேள்வி: ஆஷ் மரத்துக்கு நோய் வந்துவிட்டதால் மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டை செய்கிறார்களே, அவற்றுக்கும் இதே அளவுதானா?
– வாசகர், வாட்டர்ஃபோர்டு

பதில்: நீளத்துக்கு இதே அளவுதான். அயர்லாந்தில் 2012-இல் லீட்ரிம் மாவட்டத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்துவருகிறது. மரத்தின் அடிப்பகுதி வேரோடு சேருமிடத்தில் வளைவதால், மரநார்களும் அந்த வளைவோடே ஓடும். அந்த அடித்துண்டிலிருந்துதான் ஹர்லியைச் செதுக்குகிறார்கள். எனவே ஆஷ் மட்டை வாங்கும்போது நார்கள் அலகின் வளைவைப் பின்பற்றி ஓடுகின்றனவா என்று பாருங்கள். குறுக்கே வெட்டிப் போனால் அந்த இடத்தில் முறியும். மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் இந்தக் கவலை இல்லை, ஒரே வகையின் இரு மட்டைகளுக்கிடையே எடை வேறுபாடும் குறைவு. ஆஷில் ஒரே நீளமுள்ள இரண்டு மட்டைகள்கூட வெவ்வேறு கனத்தில் இருக்கும் என்பதால், அதைக் கையில் எடுத்து வீசிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் மாற்று மட்டை ஒன்று தேவைப்படும், ஏனெனில் இந்த ஆட்டத்தில் மட்டை உடைவது வழக்கம். அந்த மாற்று மட்டையும் அதே நீளத்தில், இயன்றவரை அதே எடையில், அதே கைப்பிடிச் சுற்றுடன் இருக்கட்டும். ஆஷ் மட்டையை வெப்பமூட்டிக்கு அருகில் சாய்த்து வைக்க வேண்டாம். மரம் காய்ந்து எளிதில் முறியும்.